ஜூன் 5இல் உங்கள் மலையில் மழை பெய்யுமா? தோட்டங்களில் சர்வதேச தினங்களை நடத்தப் புதிதாக இறங்குவோருக்கு

நாங்கள் முதன்முதலாக உலக சுற்றாடல் தினத்தை நடத்தியது பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். இளைஞர் கழகத்தில் பதினாறு பேர் இருந்தோம். ஒரு நிறுவனம் 120 மரக்கன்றுகளும் ஒரு பெரிய பதாகையும் கொடுத்தது. ஜூன் 5ஆம் திகதி காலை பதாகையைக் கட்டி, அதன் முன்னால் நின்று படம் எடுத்து, லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே கிடந்த தரிசில் கன்றுகளை நட்டுவிட்டு வந்தோம். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர், "கச்சான் காற்று கிளம்புகிற நேரத்தில் கன்று வைக்கிறீர்களே தம்பி, தண்ணீர் யார் சுமப்பது?" என்று கேட்டார். எங்களில் எவரிடமும் பதில் இருக்கவில்லை. ஓகஸ்டில் போய் எண்ணினால் ஒன்பது கன்று மிச்சம். பதாகைதான் நன்றாக உழைத்தது. இரண்டு வருடம் ஓர் ஆட்டுக்கொட்டிலுக்குக் கூரையாக இருந்தது.

இப்போது ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். இங்கேயும் இப்படிப்பட்ட தினங்கள் பலவற்றை நடத்தியிருக்கிறோம். சில உருப்பட்டன, சில மழையில் கரைந்தன. தோட்டத்திலோ பாடசாலையிலோ கோயில் சபையிலோ மாதர் சங்கத்திலோ இந்த வேலையை முதல் தடவையாகக் கையில் எடுப்பவர்களுக்காக, நாங்கள் அடிபட்டுக் கற்றதை எழுதுகிறேன்.

முதலில் நாள்

நாட்காட்டியில் தினங்களுக்குப் பஞ்சமில்லை. மார்ச் 21 காடுகளுக்கு, மறுநாள் 22 நீருக்கு. ஏப்ரல் 22 பூமி தினம். மே 21 தேயிலைக்கு. இதை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2019 டிசெம்பரில்தான் அறிவித்தது; அதற்கு முன்பு தேயிலை விளையும் நாடுகளில் டிசெம்பர் 15 கொண்டாடப்பட்டு வந்தது. மே 22 உயிர்ப்பல்வகைமை. ஜூன் 5 சுற்றாடல் தினம். 1972இல் ஸ்டொக்ஹோம் நகரில் மனிதச் சுற்றாடல் பற்றிய மாநாடு தொடங்கிய நாள் அது. செப்டெம்பர் 21 சமாதான தினம். ஒக்டோபர் 2 காந்தி பிறந்த நாள், அகிம்சைக்கு உரியது. டிசெம்பர் 5 மண்ணுக்கு, 11 மலைகளுக்கு.

இவற்றில் வருடத்துக்கு இரண்டை எடுத்தால் போதும். ஐந்து எடுத்த வருடம் எங்களுக்கு ஒன்றும் ஒழுங்காக நடக்கவில்லை. சுற்றாடலுக்கு ஒன்று, சமாதானத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வது சுலபம்.

எடுத்த நாளை உங்கள் மலையின் மழையோடு வைத்துப் பாருங்கள். உலகம் முழுவதற்கும் ஜூன் 5 ஒன்றுதான், மலையகத்துக்கு அது இரண்டு. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, கினிகத்தேனை போன்ற மேற்குச் சரிவுகளில் அப்போது தென்மேல் பருவமழை பிடித்திருக்கும். கன்று நட நல்ல நேரம், கூட்டம் கூட்டக் கெட்ட நேரம். மலைமுகட்டைத் தாண்டிப் பதுளை, பண்டாரவளை, பசறை, வெலிமடை என்று போனால் அதே நாளில் வரண்ட காற்று தொடங்கியிருக்கும். அந்தப் பக்கத்துக்கு மழை ஒக்டோபர், நவம்பரில்தான் சேரும். பிறகு வடகீழ்ப் பருவமழை வரும். ஆகவே ஊவாவில் இருப்பவர்கள் ஜூன் 5இல் விதை போட்டு நாற்றுப் பைகளை நிரப்புங்கள். ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகு நடுங்கள். டிசெம்பர் 5 மண் தினத்தன்று எது பிடித்தது, எது போனது என்று பார்த்துப் போன இடத்தில் மறு கன்று வையுங்கள். எங்கள் 120 கன்றுகளுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் நூறு கன்றாவது பிழைத்திருக்கும்.

கிழமையையும் பாருங்கள். வேலை நாளில் வைத்தால் கொழுந்து எடுக்கும் பெண்கள் வரமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு பேர் (ஒரு நாள் சம்பளம்) போனால் மாதக் கடைசியில் அது தெரியும். திகதிக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள். ஐ.நா. கோபித்துக்கொள்ளாது. போயா தினத்தைத் தவிருங்கள், பக்கத்துக் கிராமத்தார் விகாரைக்குப் போய்விடுவார்கள். தோட்டத்துத் திருவிழா வாரத்தையும் தவிருங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே ஒரு வேலை

ஒவ்வொரு வருடமும் சுற்றாடல் தினத்துக்கு ஒரு தொனிப்பொருள் அறிவிக்கிறார்கள். 2024இல் நிலத்தை மீட்பது, 2025இல் பிளாஸ்டிக். அதைப் பதாகையில் எழுதுங்கள், தடையில்லை. வேலையை மட்டும் உங்கள் லயத்து வாசலில் நின்று தேடுங்கள். எந்தப் பீலியில் (ஊற்று நீர் விழும் குழாயில்) தண்ணீர் குறைந்திருக்கிறது? எந்தக் கான் (வடிகால்) அடைத்து மழைத் தண்ணீர் வீட்டுப் பின்சுவரில் ஏறுகிறது? குப்பையை எந்தச் சரிவில் கொட்டுகிறார்கள்? இவற்றில் எதைப் பற்றிப் பெண்கள் அதிகம் பேசுகிறார்களோ அதுதான் உங்கள் வேலை. தண்ணீர் சுமப்பவர்கள் அவர்கள்தான்.

மரம் நடுவதைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு. படத்துக்கு அழகாக இருப்பதால் எல்லோரும் அதற்கே ஓடுகிறார்கள். நட்டே ஆக வேண்டுமென்றால் ஊற்றுக்குப் பக்கத்தில் டர்பன்டைன் (யூகலிப்டஸ்) வேண்டாம். வேகமாக வளர்ந்து தண்ணீரை உறிஞ்சும் மரம் அது. ஊற்றுக்கு மேலே அந்த இடத்தில் முன்பே வளர்ந்த காட்டு மரக் கன்றுகளையும், சரிவில் மண்ணைப் பிடிக்க மானாப் புல்லோ வெட்டிவேரோ வையுங்கள். லயத்துப் பக்கம் கொய்யா, எலுமிச்சை வைத்தால் பிள்ளைகளே காவல் காப்பார்கள். குழியை நிகழ்வு நாளில் வெட்டாதீர்கள். இரண்டு வாரம் முன்னரே ஒன்றரை அடி ஆழத்துக்கு வெட்டி, மாட்டெரு போட்டு மூடி வையுங்கள். நட்ட பிறகு காய்ந்த மானாப் புல்லால் மூடாக்கு, ஆட்டுக்கு மூங்கில் கூடு. கூடு கட்ட ஆளில்லாத கன்றை நடவே வேண்டாம்.

யாரிடம் கேட்க வேண்டும்

நீங்கள் நிற்கும் நிலம் பெரும்பாலும் தோட்டக் கம்பனியின் குத்தகையில் இருக்கும். குழி வெட்டவும், ஊற்றடியைத் துப்புரவு செய்யவும் தோட்ட முகாமையாளரிடம் எழுத்தில் அனுமதி எடுங்கள். வாயால் கேட்டு, துரை தலையாட்டி, பின்பு வேறு துரை மாறி வந்து, வைத்த கன்றுகளைக் களை என்று வெட்டிய கதை எங்களிடம் உண்டு. கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 7.30 முதல் 11.00 மணி வரை, மேற்பிரிவு இரண்டாம் இலக்க லயத்துக்கு மேலுள்ள பீலியையும் அதற்கு நீர் தரும் ஊற்றின் சுற்றுப்புறத்தையும் துப்புரவு செய்ய அனுமதி கோருகிறோம். ஏறத்தாழ 40 பேர் பங்குகொள்வர். தேயிலைச் செடிகளுக்கோ கான்களுக்கோ சேதம் ஏற்படாது. சேரும் கழிவைப் பிரதேச சபையின் உழவு இயந்திரம் ஏற்றிச் செல்லும். அங்கே அண்மையில் மருந்து அடிக்கப்பட்டிருந்தால் தயவுசெய்து அறியத்தரவும்."

கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். களைகொல்லி அடித்த மறுநாள் பிள்ளைகளை அங்கே இறக்க முடியாது.

அதே கடிதத்தின் பிரதி கிராம உத்தியோகத்தருக்கும் தோட்டத் தலைவர்களுக்கும் போக வேண்டும். எந்தத் தொழிற்சங்கத்துத் தலைவரையும் விடாதீர்கள். இரண்டு சங்கம் இருந்தால் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் கொடுங்கள், ஒருவருக்கு முந்திக் கொடுத்தால் மற்றவரின் ஆட்கள் வரமாட்டார்கள். ஒலிபெருக்கி வைப்பதானால் பொலிஸ் அனுமதி தேவை. நான் வைப்பதில்லை. ஒரு தப்பு மேளம் போதும்; இரண்டு மலை தாண்டிக் கேட்கும், அனுமதிப் பத்திரமும் வேண்டாம்.

குப்பை ஏற்றுவதற்குப் பிரதேச சபைக்கு எழுதுங்கள். தோட்டத்துக்குள் நாங்கள் வர முடியாது என்று முன்பெல்லாம் சொல்வார்கள். சட்டமும் அப்படித்தான் இருந்தது. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்ட பிறகு தோட்டப் பகுதிகளுக்கும் சபை செலவு செய்ய வழி உண்டு. பழைய பதிலே வந்தால் இந்தத் திருத்தத்தைப் பணிவாக நினைவூட்டுங்கள். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை. ஆனாலும் ஒரு சிங்களப் பிரதியை இணைத்தால் காரியம் ஒரு கிழமை முந்தி நடக்கும்.

ஆள் சேர்ப்பது

துண்டுப்பிரசுரம் அடிக்க வேண்டாம். காலையில் பிரட்டுக்களத்தில் (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில்) இரண்டு நிமிடம் பேச அனுமதி வாங்குங்கள், மாலையில் கொழுந்து மடுவத்தில் தராசுக்கு வரிசையில் நிற்பவர்களிடம் பேசுங்கள். நாள், நேரம், இடம், என்ன கொண்டுவர வேண்டும் என்ற நான்கைத் தவிர வேறொன்றும் சொல்லாதீர்கள். புவி வெப்பமடைதல் பற்றி அங்கே விளக்கப் போய் ஒருமுறை நான் நிறுவையைத் தாமதப்படுத்தினேன். அந்த ஞாயிறு ஏழு பேர் வந்தார்கள்.

பீலியடியில் ஒரு காலை

எங்களுக்கு ஒவ்வொரு வருடமும் தப்பாமல் நடப்பது பீலித் துப்புரவுதான். அதை விரிவாகச் சொல்கிறேன்.

முதல் நாள் மாலை இரண்டு பேர் போய் இடத்தைப் பாருங்கள். முக்கியமாகப் பார்க்க வேண்டியது குளவிக்கூடு. மரக்கிளை, பாறை இடுக்கு, இரண்டையும் அண்ணாந்து பாருங்கள். கூடு இருந்தால் அந்த இடத்தை விட்டு வேறு பீலிக்குப் போங்கள்; புகை போட்டுக் கலைக்கும் வீரம் வேண்டாம். கொழுந்து மலையில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களை நாம் வருடம் தவறாமல் பார்க்கிறோம். 1990 அம்புலன்ஸ் இலக்கத்தையும், வண்டி எந்த வளைவு வரை ஏறும் என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் ஆட்களை மூன்றாகப் பிரியுங்கள். பெரியவர்கள் மேலே ஊற்றடிக்கு. அங்கே சருகு, சேறு வாரி, தொட்டியைத் தென்னந்தும்பால் தேய்க்க வேண்டும். சவர்க்காரம் வேண்டாம். குளோரின் போடுவதானால் அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்ட பிறகுதான். இளைஞர்கள் கானுக்கு: மண்வெட்டி, அலவாங்கு, கவ்வாத்துக் கத்தி. சிறுவர்கள் கீழே, பெரியவர் ஒருவரின் பொறுப்பில், குப்பை பொறுக்க. உரப் பைகளைக் கழுவிக் காயவைத்தால் நல்ல சாக்கு. கண்ணாடித் துண்டும் சவர அலகும் கிடக்கும், ஆகவே வெறுங்கையோடு யாரையும் விடாதீர்கள்.

அட்டை கடிக்காதிருக்கக் காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக் காயவிடுவது எங்கள் வழக்கம். (ஊற்றில் கால் வைக்கும் குழுவுக்கு இது பொருந்தாது, அவர்களுக்கு நீண்ட காலுறையும் பொறுமையும்.)

பொறுக்கியதைத் தரையில் கொட்டி வகை பிரித்து எண்ணுங்கள். ஒரு மணி நேரம் போகும், போகட்டும். பிள்ளைகளுக்கு இதுதான் பிடித்த பகுதி. ஒருமுறை ஏழு சாக்கில் மூன்று சாக்கு ஷம்பூப் பைகள் இருந்தன. பீலியில் தலைக்குக் குளித்துவிட்டு எறிந்தவை. 20 மில்லிலீட்டரும் அதற்குக் குறைவானதுமான பைகளுக்கு 2021இலேயே தடை வந்துவிட்டது என்று ஓர் ஆசிரியர் சொன்னார். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது போன மாதம் செய்தது, சேர்" என்றான். மறுநாள் மாணவர்கள் கடைக்காரரிடம் போய்ப் பேசினார்கள். பேசினார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கதை இன்னும் முடியவில்லை.

சேர்ந்த குப்பையை எரிக்காதீர்கள். பொலித்தீனைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 செப்டெம்பர் முதல் தடை. நிகழ்ச்சிகளுக்குப் பொலித்தீன் தோரணம் கட்டுவதும் அதே தடைக்குள் வரும். சுற்றாடல் தினத்தில் பொலித்தீன் கொடி பறப்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். மாவிலையும் குருத்தோலையும் கிடைக்காத உயரத்தில் இருந்தால் சவுக்குக் கிளை கட்டுங்கள்.

மழை கனத்தால் உடனே இறங்கிவிடுங்கள். தரையில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் துப்புரவை விட்டு, மேலும் கீழும் உள்ள லயங்களுக்குச் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் ஒரு காலைப்பொழுதில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் அறிவோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் செய்ததும் கண்முன்னே இருக்கிறது. உங்கள் பிரிவுக்கு மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் நிகழ்வைத் தள்ளி வைப்பதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

செப்டெம்பர் 21

சமாதான தினத்தை நடத்துவது மரம் நடுவதை விடக் கஷ்டம். நட்ட கன்று குறைந்தபட்சம் பேசாது.

பின்னணி சுருக்கமாக: ஐ.நா. பொதுச்சபை இதை 1981இல் அறிவித்தது. முதலில் சபை கூடும் செப்டெம்பர் மூன்றாம் செவ்வாய்க்கிழமையில் வந்தது. 2001இல் எடுத்த தீர்மானத்தால் செப்டெம்பர் 21 என்று நிலைத்து, போர்நிறுத்தத்துக்கும் வன்முறையின்மைக்கும் உரிய நாளானது. நியூயோர்க் தலைமையகத்தில் அன்று ஒரு மணியை அடிக்கிறார்கள். 1954இல் ஜப்பானிலிருந்து வந்த மணி. பல நாட்டு மக்கள் கொடுத்த நாணயங்களை உருக்கி வார்த்தது. நண்பகலில் அந்தந்த ஊர் நேரப்படி ஒரு நிமிட மௌனம்.

இதைத் தோட்டத்தில் எப்படிச் செய்வது? நண்பகல் மௌனத்துக்கு நமக்கு ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது: மத்தியான நிறுவை. எல்லோரும் மடுவத்தில் கூடியிருப்பார்கள். வெளிக்கள உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே பேசி, தராசை ஒரு நிமிடம் நிறுத்தினால் போதும். நாங்கள் செய்தபோது கோயில் மணியை ஒரு சிறுவன் அடித்தான். கூடையை இறக்காமலே நின்றார்கள், தலையில் கயிறு அழுந்த. கூடையை இறக்கிய பிறகுதான் மணி அடிக்க வேண்டும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். 21ஆம் திகதி வெள்ளியாக வந்தால் நண்பகல் ஜும்ஆ நேரம். டவுன் பள்ளிவாசல்காரர்களையும் அழைத்திருந்தால் பத்து மணிக்கு மாற்றுங்கள்.

ஆனால் மௌனம் நமக்குள்ளேயே முடிந்துவிடும். சமாதானம் யாரோடு என்று கேட்டால், நாம் ‘நாடு’ என்று சொல்லும் பக்கத்துச் சிங்களக் கிராமத்தோடும்தானே. முதல் வருடம் அவர்களுக்குத் தமிழில் ஓர் அழைப்பிதழ் அனுப்பினோம், பின்பக்கம் யாரோ அவசரத்தில் மொழிபெயர்த்த சிங்களம். ஒருவரும் வரவில்லை. மறு வருடம் எங்கள் பாடசாலைச் சிங்கள ஆசிரியையோடு இரண்டு பேர் நேரில் போனோம். முதலில் விகாரையின் பிக்குவிடம், பிறகு கிராமத்து மரண உதவிச் சங்கத் தலைவரிடம். இரண்டாமவர்தான் திறவுகோல். சாவு வீட்டுக்குக் கதிரையும் கூடாரமும் கொடுக்கிறவருக்கு ஊரில் எல்லோரையும் தெரியும். அவர் "கூட்டமா, வேலையா?" என்று கேட்டார். வேலை என்றோம். "அப்படியானால் வருவோம்."

என்ன வேலை? நம் தோட்டத்து ஓடை கீழே இறங்கி அவர்களுடைய வயலுக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும்தான் போகிறது. நாம் மேலே எறிவது அவர்கள் வாய்க்காலில் மிதக்கிறது. இதை மேடையில் பேசினால் சண்டை வரும். ஓடையில் இறங்கி ஒன்றாக அள்ளினால் ஒருவரும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. கிராமத்தார் கீழிருந்து மேலே, நாங்கள் மேலிருந்து கீழே வந்து, பாலத்தடியில் சந்தித்தோம். எங்கள் சாக்குகள் நிறைந்திருந்ததைப் பார்த்து அவர்கள் சிரித்தார்கள். நாங்களும்.

கவனிக்க வேண்டியவை சில. குழுக்களைக் கலந்து பிரியுங்கள். விட்டால் தமிழர் ஒரு கரை, சிங்களவர் ஒரு கரை என்று நிற்பார்கள். ஒவ்வொரு குழுவிலும் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் வேண்டும். உயர்தரம் படிக்கும் பிள்ளைகளில் நிச்சயம் இருப்பார்கள். பேச்சு ஆளுக்கு மூன்று நிமிடம், மொழிபெயர்ப்பு உட்பட. சாப்பாடு மரக்கறியாக இருந்தால் ஒருவருக்கும் சங்கடமில்லை. நாங்கள் ரொட்டியும் சம்பலும் கொண்டுபோனோம், அவர்கள் பாற்சோறு. தேநீர் யார் ஊற்றுவது என்பதையும் யோசியுங்கள். எங்கள் பெண்களே அன்றைக்கும் எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டு நின்றதை நான் தாமதமாகத்தான் கண்டேன். அடுத்த தடவை இரண்டு பக்கத்து ஆண்கள் ஊற்றினார்கள். சீனி கூடிவிட்டது.

ஒன்றை வற்புறுத்திச் சொல்வேன். 1977, 1981, 1983 வன்செயல்களில் லயம் எரிந்ததைப் பார்த்த வயதானவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை மேடையேற்றிக் கதை சொல்லச் சொல்லாதீர்கள். தாமாகப் பேசினால் இடைமறிக்காதீர்கள். பாலத்தடியில் ஒரு பாட்டி, தன்னை மூன்று நாள் ஒளித்து வைத்த நாட்டுப்புறத்து வீட்டைக் கையால் காட்டினார். அவ்வளவுதான் சொன்னார். ஒரு கிராமத்துப் பையன் அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று அவருக்குச் சொன்னான்.

அடுத்த வாரமும் அதற்குப் பிறகும்

முகாமையாளருக்கும் பிரதேச சபைக்கும் நன்றிக் கடிதம், எத்தனை பேர், எத்தனை சாக்கு என்ற கணக்கோடு. இந்தக் கடிதம்தான் அடுத்த வருட அனுமதி. கோயிலில் வாங்கிய அண்டாவைத் தேய்த்து மறுநாளே திருப்பிக் கொடுங்கள். இரவல் மண்வெட்டிக்குப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு இரண்டு தொலைந்தன.

பிறகு ஒரு கொப்பி. கன்று நட்டிருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணி எழுதுங்கள். பீலி என்றால் இன்னும் சுலபம்: ஒரே வாளியைப் பீலியடியில் வைத்து, நிறைய எத்தனை விநாடி என்று பாருங்கள். ஜூனையும் மார்ச்சையும் ஒப்பிட்டால் அர்த்தமில்லை. மழை நாளுக்கு மழை நாள், வரட்சிக்கு வரட்சி. மார்ச் 22 நீர் தினம் எங்கள் பக்கத்தில் வரண்ட காலத்தின் கடைசியில் வருவதால் அதையே அளவு நாளாக வைத்திருக்கிறோம். முதல் வருடம் 15 லீட்டர் வாளி நிறைய 94 விநாடி. போன வருடம் 81. இடையில் மழையும் கொஞ்சம் கூடத்தான் பெய்தது. அதையும் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். கொப்பி மடுவத்தில் ஆணியில் தொங்குகிறது, பென்சிலை மட்டும் அடிக்கடி யாரோ எடுத்துவிடுகிறார்கள்.